தெரிந்தவர் யாரும் இல்லை என்றால் வேலை சொல்வது யார்?

கேள்வி: மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. எங்கள் கல்லூரிக்கு கேம்பஸ் எடுக்க வருவது பெரும்பாலும் ஐ.டி. கம்பெனிகள்தான். படித்த படிப்புக்கே வேலை வேண்டுமென்றால் 'ஆள் தெரிஞ்சிருக்கணும்' என்கிறார்கள் சீனியர்கள். யாரையும் தெரியாத எனக்கு இன்டர்ன்ஷிப் உதவுமா? (மாணவர், கரூர் மாவட்டம்)

பதில்: சீனியர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் 'ஆள்' என்றதும் பெரிய பதவியில் இருக்கும் சித்தப்பாவோ, கட்சியில் செல்வாக்குள்ள ஒருவரோதான் நினைவுக்கு வருகிறார்கள். கணக்கு பிசகுவது அங்கேதான்.

மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பாஸ்டன் நகரை ஒட்டிய நியூட்டனில், புதிதாக வேலை மாறியிருந்த தொழில்நுட்ப, நிர்வாகத் துறை ஆண்களை விசாரித்தார். பாதிக்கும் மேற்பட்டோர் தெரிந்தவர் மூலமாகவே வேலைக்கு வந்திருந்தார்கள். 'நண்பர் சொன்னாரா?' என்று கேட்டபோதோ பலர் திருத்தினார்கள்: நண்பர் இல்லை, அறிமுகமானவர். 1973-இல் வெளியான அவரது கட்டுரை கணக்கையும் தருகிறது. தெரிந்தவர் மூலம் வேலைக்கு வந்தவர்களில், தகவல் தந்தவரை அடிக்கடி சந்தித்தவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 சதவீதம். வருடத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ பார்த்தவர்கள் 27.8 சதவீதம்.

காரணம் எளிது. வீட்டாரும் நெருங்கிய நண்பர்களும் புழங்கும் இடங்களில்தான் நாமும் புழங்குகிறோம். அவர்கள் காதுக்கு வரும் செய்தி நம் காதுக்கும் வந்திருக்கும். எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்ற புதுச் செய்தி, வேறு வட்டத்தில் இருப்பவரிடமிருந்துதான் வரும். லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. வேலை மாற அதிகம் உதவியது நெருக்கமான உறவும் இல்லை, முகமே தெரியாத தொடர்பும் இல்லை; ஓரளவு தெரிந்தவர்கள்தான் என்றது அது.

ஆக, கரூர் மாணவருக்குக் குறைவது செல்வாக்குள்ள மாமா இல்லை. தொழிலுக்குள் இருக்கும் நாலைந்து அறிமுகங்கள். அவை கிடைக்கும் இடம் இன்டர்ன்ஷிப். அதற்காகச் சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதும் இல்லை. பஸ் கட்டுகிற இடமே கரூர்தான். பாடி பில்டிங் பட்டறை ஒன்றில் ஒரு மாதம் இருந்தால், வெல்டிங் ஃபோர்மேன், டிராயிங் போடுபவர், கண்ணாடியும் சீட்டும் சப்ளை செய்பவர், வண்டியைப் பார்க்க வரும் பஸ் முதலாளி எல்லோரும் கண்ணில் படுவார்கள். பஸ் பாடிக்கான ஏ.ஐ.எஸ். 052 விதிப்படி ஒரு டிராயிங்கைச் சரிபார்க்கக் கற்றுக்கொண்டு வருபவரை நேர்காணலில் எளிதில் ஒதுக்க முடியாது. அமெரிக்காவில் கற்பனைப் பட்டதாரிகளின் பெயரில் சுமார் 9,400 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்த பொருளாதார அறிஞர்கள், இன்டர்ன்ஷிப் இருந்த விண்ணப்பங்களுக்கு நேர்காணல் அழைப்பு ஏறத்தாழ 14 சதவீதம் கூடுதலாக வந்ததாக 2016-இல் எழுதினார்கள். அது காகிதத்தில் இருந்த வெறும் ஒரு வரிக்குக் கிடைத்த மதிப்பு. நேரில் பார்த்தவர் சொல்லும் நல்ல வார்த்தை அந்தக் கணக்கில் வரவில்லை.

பலர் கோட்டை விடுவது அதற்குப் பிறகுதான். சர்டிஃபிகேட்டை வாங்கியதும் பட்டறையை மறந்துவிடுகிறார்கள். ஃபோர்மேன் நம்பருக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்படி ஒரு வாட்ஸ்அப் போதும்: 'சார், வணக்கம். ஜூன்ல உங்க செக்‌ஷன்ல இருந்த காலேஜ் பையன். நீங்க சொன்ன ஜிக் டிசைனையே இப்ப ஃபைனல் இயர் புராஜெக்டா எடுத்திருக்கேன். ஒரு சந்தேகம், பத்து நிமிஷம் பேசலாமா?' இதில் வேலை கேட்கவே இல்லை. 'சார், ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க' என்று வரும் செய்திக்கு அவரிடம் பதில் இருக்காது. சந்தேகம் கேட்டால் பதில் இருக்கும். பேச்சின் நடுவே, எங்கே ஆள் தேடுகிறார்கள் என்பதும் பெரும்பாலும் தானாக வந்து விழும்.

கேள்வி: பணம் கட்டினால் ஐந்து நாள் இன்பிளான்ட் டிரெய்னிங், கையோடு சர்டிஃபிகேட் என்கிறது ஒரு டிரெய்னிங் சென்டர். சேரலாமா? (மாணவி, நாமக்கல்)

பதில்: வேண்டாம். உதவித்தொகை இல்லாத இன்டர்ன்ஷிப்பையாவது சில நேரம் பொறுத்துக்கொள்ளலாம். நாமே காசு கட்டிச் சேர்வது டியூஷன்தான். 'அங்கே என்ன செய்தீர்கள்?' என்ற முதல் கேள்வியிலேயே அந்தச் சர்டிஃபிகேட்டின் சாயம் வெளுத்துவிடும்.

படிப்பு முடிந்தவர்களுக்கு அரசே வழி வைத்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டத்துக்குள் 1973-இல் பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோ படித்தவர்களும் வந்தார்கள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரன்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். பட்டதாரி அப்ரன்டிஸுக்குத் தரும் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. தென் மாநிலங்களுக்கான அப்ரன்டிஸ் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பதிவு, தேசிய அப்ரன்டிஸ் பயிற்சித் திட்டமான நாட்ஸின் (NATS) இணையதளத்தில். 2024 அக்டோபரில் முன்னோட்டமாகத் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் மாதம் 5,000 ரூபாய் தருவதாக அறிவித்தது. ஆனால் முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்கள் சேர முடியாது என்றது அப்போதைய விதி. தகுதி விதியைப் பார்க்காமல் விண்ணப்பித்து மாணவர்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கேள்வி: மகள் பி.காம். கடைசி ஆண்டு. என் தம்பி ஒரு தனியார் நிறுவனத்தில் மேனேஜர். அவன் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும். மகளோ 'மாமா சிபாரிசில் போகமாட்டேன்' என்கிறாள். யார் சொல்வது சரி? (ஒரு தாய், தஞ்சாவூர்)

பதில்: இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, மகள் பக்கம் கொஞ்சம் கூடுதலாக.

லோரி பீமன், ஜெரமி மக்ரூடர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் கொல்கத்தாவில் ஒரு சோதனை நடத்தினார்கள். வேலைக்கு ஆள் கூட்டிவரச் சொல்லி, ஒரு சாராருக்கு இவ்வளவு என்று நிலையான தொகை பேசினார்கள். மற்றவர்களுக்கு, வரும் ஆள் எப்படிச் செய்கிறாரோ அதைப் பொறுத்துத்தான் பணம். முதல் வகையினர் உறவினரை அதிகம் அழைத்து வந்தார்கள். பணம் திறமையைப் பொறுத்தது என்றானதும் உறவினர் குறைந்து, கூட வேலை பார்த்தவர்கள் கூடினார்கள். உறவுக்காரரைச் சொல்வது பாசம், கூட வேலை செய்தவரைச் சொல்வது சாட்சி என்ற வித்தியாசம் மனிதவளத் துறையில் உள்ளவர்களுக்கும் தெரியும். உறவினர் சிபாரிசில் வந்தவரைப் பார்த்ததும், அவர் திறமையையும் சேர்த்துச் சந்தேகிக்கிறார்கள்.

மகளின் தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. சுரிந்தர் ஜோத்கா, கேதரின் நியூமன் இருவரும் டெல்லிப் பகுதியின் மனிதவள மேலாளர்கள் 25 பேரிடம் பேசி 2007-இல் எழுதிய ஆய்வில், 'தகுதி மட்டும்தான்' என்றவர்களே குடும்பப் பின்னணியைக் கேட்பதை ஒத்துக்கொண்டார்கள். மாமா உள்ளவர்களுக்கே கதவு திறந்தால், வெளியே நிற்பது பெரும்பாலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள்தான். மேலே எழுதிய கரூர் மாணவரும் அவர்களில் ஒருவர்.

அதற்காகத் தம்பியை ஒதுக்க வேண்டியதில்லை. முறைப்படி அறிவித்த காலியிடத்துக்கு மகள் விண்ணப்பிக்கட்டும். தேர்வுக்குழுவில் மாமா இருக்கக்கூடாது. அக்கவுன்ட்ஸ் பிரிவில் புதிதாகச் சேர்பவருக்கு டேலி தெரிந்தால் போதுமா, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடத் தெரிய வேண்டுமா, நேர்காணலில் எக்செல் கொடுத்துப் பார்ப்பார்களா என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் இதை எல்லாம் விசாரிப்பதில் மகளுக்கு ஆட்சேபம் இருக்காது. அவருக்குத் தெரிந்த ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில், மார்ச் மாத நெருக்கடியில் கைக்கு ஆள் தேவைப்படுகிறதா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.