மலைத் தொடரும் வானிலைக் கணிப்பும்

மழை எங்கே, எவ்வளவு பெய்யும் என்பதை முன்கூட்டி அறிய வானத்தை மட்டும் ஆராய்ந்தால் போதாது. தரையையும் ஆராய வேண்டும். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று ஒன்றேயாயினும், அஃது எதிர்கொள்ளும் மலையின் உயரத்தையும் சரிவையும் பொறுத்து ஓரிடத்தில் பெருமழையாகவும், சில கல் தொலைவில் வெறுங்காற்றாகவும் அமைகிறது. இவ்வுண்மையை விளக்குவதற்குப் பாலக்காட்டுக் கணவாயும், அதன் தெற்கே இடுக்கி மாவட்டம் தமிழ்நாட்டைத் தொடும் எல்லைப் பகுதியும் சிறந்த சான்றுகளாகும். இன்றைய வானிலை முன்னறிவிப்புகள் பெரும்பாலும் கணினிகளில் இயங்கும் கணித மாதிரிகளினின்று பிறப்பவை. அம்மாதிரிகள் இம்மலைகளை எவ்வாறு காண்கின்றன, எவற்றைக் காணத் தவறுகின்றன என்பதைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

தரையின் அமைப்பு

மேற்குத் தொடர்ச்சி மலை தென்னிந்தியாவின் மேற்கு விளிம்பில் ஒரு மதிலைப் போல் நீண்டு கிடக்கிறது. வடக்கே நீலகிரியில் தொட்டபெட்டாச் சிகரம் 2,637 மீட்டர் உயரமுடையது. தெற்கே இடுக்கி மாவட்டத்தில் ஆனைமுடி 2,695 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. இவ்விரு மலைத் தொகுதிகளுக்கும் நடுவே மதில் இடிந்து விழுந்தாற்போன்று அமைந்ததே பாலக்காட்டுக் கணவாய். இதன் அகலம் சுமார் 30 கி.மீ.; தரை மட்டமோ கடல் மட்டத்தினின்று சில நூறு மீட்டருக்குள்ளேயே அமைகிறது.

தென்மேற்குப் பருவக் காலத்தில் அரபிக் கடலிலிருந்து வரும் காற்று இவ்வாயிலின் வழியே விசையுடன் பாய்ந்து வாளையாற்றைக் கடந்து கோயம்புத்தூர், பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பல்லடம் ஆகிய பகுதிகளை அடைகிறது. அங்கு காற்றாலைகள் மிகுதியாக நிறுவப்பட்டுள்ளமைக்கு இதுவே காரணம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காற்று திசை மாறுகிறது. கிழக்கிலிருந்து வறண்ட காற்று அதே வாயிலின் வழியே பாலக்காட்டுச் சமவெளிக்குள் புகுந்து வீசுகிறது.

தெற்கே இடுக்கியின் நிலை வேறு. அங்கு காற்றுக்கு எளிய வாயில் இல்லை; ஏறியே ஆக வேண்டும். ஏறும் காற்று விரிவடைந்து குளிர்கிறது; அதிலுள்ள நீராவி நீர்த்துளிகளாகத் திரண்டு மழையாகிறது. மலையுச்சியைக் கடந்து கிழக்கே இறங்கும் காற்று அமுங்கி வெப்பமடைகிறது, மேகம் கரைகிறது. ஆகவே மூணாற்றில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மி.மீ. மழையும், அதினின்று நேர்கோட்டில் சுமார் 35 கி.மீ. தொலைவேயுள்ள சின்னாற்றுப் பகுதியில் ஏறக்குறைய 500 மி.மீ. மழையுமே கிடைக்கின்றன. மூணாற்றில் தேயிலை செழிக்கிறது. சின்னாற்றில் முட்புதர்க் காடு வளர்கிறது. இடைப்பட்ட மறையூர் சந்தன மரத்திற்குப் பெயர் பெற்றது. ஒரே மாவட்டத்தின் ஒரு வட்டத்திற்குள்ளேயே இத்தனை வேறுபாடு உண்டு என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

கணித மாதிரி என்பது யாது?

காற்றின் இயக்கம், வெப்பம், அமுக்கம், ஈரப்பதம் ஆகியவை பௌதிக விதிகளுக்கு உட்பட்டவை. இன்றுள்ள நிலையை அளந்தறிந்தால், அவ்விதிகளைக் கொண்டு நாளைய நிலையைக் கணக்கிடலாம் என்னும் கருத்தை விரிவாக ஆய்ந்து 1922-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் ஆங்கில விஞ்ஞானி லூயிஸ் ரிச்சர்ட்சன். அவர் 1910-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாளுக்குரிய கணக்கைக் கையாலேயே செய்து பார்த்தார். ஆறு மணி நேரத்தில் அமுக்கம் 145 மில்லிபார் உயரும் என அவர் கணக்கு காட்டியது. இஃது இயற்கையில் நிகழாத ஒன்று. முறை சரியே, தொடக்க அளவீடுகளில் இருந்த பிழை பெருகியதே தவற்றுக்குக் காரணமெனப் பின்னர் தெளிவாயிற்று. 1950-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எனியாக் என்னும் மின்னணுக் கணினியைக் கொண்டு சார்னியும் அவருடைய குழுவினரும் இம்முறையை வெற்றிகரமாக நடத்திக் காட்டினர்.

வானம் முழுவதிலும் ஒவ்வோர் அணுவையும் கணக்கிடல் இயலாது. ஆகையால் பூமிப் பரப்பின் மீது ஒரு வலையை விரித்தாற்போலக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு வெப்பநிலை, ஒரு காற்று, ஒரு மழையளவு எனக் கணக்கிடுகின்றனர். கட்டத்தின் நீள அகலமே கட்ட இடைவெளி எனப்படும். ஒரு கட்டத்திற்குத் தரை உயரமும் ஒன்றே. அக்கட்டத்திலுள்ள சிகரங்கள், பள்ளத்தாக்குகள் யாவற்றின் சராசரியே அது.

கட்டம் பெரிதானால் மலை மறையும்

ஓர் எளிய கணக்கால் இதனை விளக்கலாம். ஒரு கட்டத்திற்குள் 2,400, 1,600, 900, 500 மீட்டர் உயரமுள்ள நான்கு இடங்கள் இருப்பதாகக் கொள்வோம். சராசரி 1,350 மீட்டர். மாதிரியைப் பொறுத்த மட்டில் அங்கே சிகரமும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. 1,350 மீட்டர் உயரமுள்ள ஒரு மேடை மட்டுமே உண்டு. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறையும். ஆகவே 500 மீட்டர் உயரத்திலுள்ள ஊருக்கு மாதிரி கூறும் வெப்பம் உண்மையைக் காட்டிலும் சுமார் 5.5 பாகை குறைவாக அமையும். இப்பிழையை உயர வேறுபாட்டைக் கொண்டு எளிதில் திருத்திக் கொள்ளலாம். மழையின் பிழையை இவ்வாறு திருத்த இயலாது. மேடையின் மீது ஏறும் காற்று, செங்குத்தான மலையின் மீது ஏறும் காற்றைப் போல் விரைந்து உயர்வதில்லை. எனவே காற்றை எதிர்கொள்ளும் சரிவில் மழை குறைவாகவும், மறைவுப் பக்கத்தில் மழை மிகுதியாகவும் கணக்கிடப்படும். மூணாற்றின் பெருமழை குறைந்து தோன்றும். சின்னாற்றின் வறட்சி ஈரமாகத் தோன்றும்.

இந்திய அனுபவத்தை நோக்குக. நடுத்தர கால வானிலை முன்னறிவிப்புக்கான தேசிய மையம் 1988-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. 1990-களில் அம்மையம் பயன்படுத்திய டி-80 என்னும் மாதிரியின் கட்ட இடைவெளி ஏறத்தாழ 150 கி.மீ. பொன்னானிக் கடற்கரையிலிருந்து நாகப்பட்டினம் வரை தீபகற்பத்தின் அகலம் சுமார் 430 கி.மீ. ஆகும். அவ்வளவிற்கும் மூன்று கட்டங்களே! நீலகிரி, கணவாய், ஆனைமலை மூன்றும் ஒன்றோடொன்று கலந்து ஒரு தாழ்ந்த மேடாகவே அம்மாதிரியில் அமைந்திருக்கும். வாயில் இல்லாத மதில். அதுவும் உயரமில்லாத மதில்.

பின்னர் கட்டங்கள் படிப்படியாகச் சிறுத்தன. இந்திய வானிலை ஆய்வுத் துறை பயன்படுத்திய டி-1534 மாதிரியின் இடைவெளி சுமார் 12.5 கி.மீ. 2025-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் புது தில்லியில் தொடங்கிவைக்கப்பெற்ற பாரத் முன்னறிவிப்பு முறை, புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது. இதன் இடைவெளி வெப்பமண்டலத்தில் சுமார் 6 கி.மீ.

எனினும் ஒரு நுட்பத்தை மறத்தல் கூடாது. 6 கி.மீ. கட்டமுள்ள மாதிரி 6 கி.மீ. அகலமுள்ள பள்ளத்தாக்கைச் செவ்வனே காணும் என எண்ணுவது தவறு. ஒரு வளைவை வரைய ஒரு புள்ளி போதாது. பல புள்ளிகள் வேண்டும். அவ்வாறே, ஓர் அமைப்பு குறைந்தது ஐந்தாறு கட்டங்கள் அளவிற்குப் பரந்திருந்தால்தான் மாதிரி அதன் மீது ஓடும் காற்றை நம்பத்தக்கவாறு கணக்கிடும். 12 கி.மீ. வலையில் 30 கி.மீ. கணவாய்க்கு இரண்டு அல்லது மூன்று கட்டங்களே கிட்டும். 6 கி.மீ. வலையில் ஐந்து கட்டங்கள் கிட்டும். அப்போதுதான் கணவாய் ஒரு வாயிலாக உருப்பெறத் தொடங்குகிறது. இடுக்கியின் குறுகிய பள்ளத்தாக்குகளோ அதற்கும் அகப்படா.

கட்டத்தைச் சுருக்குவதற்கு உரிய விலை

அங்ஙனமாயின் கட்டங்களை ஒரு கி.மீ. அளவாக்கிவிடலாகாதோ எனக் கேட்கலாம். இடைவெளியைப் பாதியாக்கினால் நீளத்தில் இருமடங்கும் அகலத்தில் இருமடங்குமாகக் கட்டங்கள் நான்கு மடங்காகும். மேலும், ஒரே கணக்கீட்டுப் படியில் காற்றும் அலையும் ஒரு கட்டத்திற்கு மேல் தாண்டிவிடாதபடி காலப் படியையும் பாதியாகக் குறைக்க வேண்டும். ஆகவே உழைப்பு எட்டு மடங்காகும். 150 கி.மீ. இடைவெளியிலிருந்து 12.5 கி.மீ.க்கு வந்தபோது இடைவெளி பன்னிரண்டில் ஒரு பங்காயிற்று. உழைப்போ 1,728 மடங்காயிற்று. 2018-இல் பிரத்யுஷ், மிகிர் என்னும் மீத்திறன் கணினிகளும், 2024-இல் அர்க்கா, அருணிகா என்பனவும் நிறுவப்பெற்றமைக்கு இத்தேவையே காரணம்.

வேறோர் இடர்ப்பாடும் உண்டு. இடிமேகம் ஒன்றின் அகலம் சில கி.மீ. மட்டுமே. பெரிய கட்டமுள்ள மாதிரி அதனை நேரே காண இயலாமையால், அதன் விளைவைத் தோராய விதியொன்றால் சேர்த்துக்கொள்கிறது. கட்டம் மிகச் சிறுத்தால் மேகம் தானே கணக்கில் உருவாகும். இரண்டிற்கும் இடைப்பட்ட அளவில் விதியும் முழுமையாகப் பொருந்துவதில்லை. மேகமும் முழுமையாக உருவாவதில்லை. இன்றைய மாதிரிகள் பல இவ்விடைநிலையிலேயே உள்ளன.

மேலும், நுண்ணிய மாதிரி பெருமழையைச் சரியான அளவில் காட்டினும், இடத்தில் பத்துக் கி.மீ. பிறழக்கூடும். சமவெளியில் இப்பிழை சிறிது, இடுக்கியில் பெரிது. மூணாற்றின் மேற்சரிவில் விழும் மழை முதிரப்புழை வழியே பெரியாற்றை அடைந்து அரபிக் கடலுக்குச் செல்கிறது. மலைமுகட்டைத் தாண்டி மறையூர்ப் பக்கம் விழும் அதே மழை பாம்பாற்றின் வழியே அமராவதியை அடைந்து காவிரியுடன் கலக்கிறது. முகட்டின் இப்பாலா, அப்பாலா என்பதே எந்த அணை நிரம்பும், எந்த ஊர் எச்சரிக்கப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

சராசரி மறைக்கும் உண்மை

2018-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் இதற்கு நல்ல பாடம். மத்திய நீர்க் குழுமத்தின் அறிக்கைப்படி அவ்வாண்டு ஜூன் 1 முதல் ஆகஸ்டு 19 வரை கேரளத்தில் பெய்த மழை 2,346.6 மி.மீ.; வழக்கமான 1,649.5 மி.மீ.ஐ விட 42 விழுக்காடு மிகுதி. அதே காலத்தில் பாலக்காடு மாவட்டத்தின் மிகுதி 73 விழுக்காடு. இடுக்கி மாவட்டத்தின் மிகுதி 92 விழுக்காடு. மாநிலச் சராசரி ஒரு கதையைக் கூற, மலை மாவட்டம் வேறொரு கதையைக் கூறியது. மாவட்டச் சராசரிக்குள்ளும் இவ்வாறே வேறுபாடுகள் மறைந்துள்ளன. ஆகஸ்டு 15 முதல் 17 வரை பெய்த கடுமழையின் மையம் பீர்மேட்டுப் பகுதியாக இருந்தது. அதனுடன் ஒப்பிடத்தக்கது 1924-ஆம் ஆண்டு ஜூலை 16 முதல் 18 வரை தேவிகுளத்தை மையமாகக் கொண்டு பெய்த பெருமழை. இரண்டிற்கும் மையம் மலையின் மேலேயே அமைந்தது தற்செயலன்று.

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு மூணாற்றுக்கு அருகே பெட்டிமுடியில் மலைச்சரிவு நேர்ந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் புதையுண்டன. 70 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். மண் ஊறிச் சரிவது ஒரு குறிப்பிட்ட சரிவில், ஒரு குறிப்பிட்ட ஓடையின் தலைப்பில் நிகழும் செயல். நூற்றுக்கணக்கான மீட்டர் அளவிலானது. 12 கி.மீ. கட்டத்தின் சராசரி மழை அதனைத் தனியே சுட்டிக்காட்டாது. மாதிரி எச்சரிப்பது வட்டாரத்தை. சரிவைக் கண்காணிக்க வேண்டியவர் அங்குள்ளவரே.

களப்பணியாளர் கொள்ள வேண்டியவை

முதலாவது: மாவட்ட முன்னறிவிப்பைத் தம் ஊருக்கு உரியதாக அப்படியே கொள்ளலாகாது. அதே காற்றுத் திசையில் தம் இடம் மலையின் எதிர்ப்பக்கமா, மறைவுப் பக்கமா என்று நோக்க வேண்டும். தென்மேற்குக் காற்றில் நெல்லியாம்பதி நனைந்தாலும் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி காய்ந்திருக்கக் கூடும்.

இரண்டாவது: வானிலை ஆய்வுத் துறையின் சொற்களுக்கு அளவு உண்டு. காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 மி.மீ. முதல் மிகக் கனமழை, 204.5 மி.மீ. முதல் அதி கனமழை. கனமழை என அறிவிக்கப்பட்ட நாளில் எதிர்ச்சரிவிலுள்ள தோட்டத்தில் அதற்கு அடுத்த படியும் நேரலாம் என எதிர்பார்த்து ஆயத்தமாதல் வேண்டும்.

மூன்றாவது: ஒரே மாதிரியைச் சிறிது மாறுபட்ட தொடக்க நிலைகளோடு பலமுறை இயக்கிப் பார்க்கும் முறை 2018 முதல் இந்தியாவில் 12 கி.மீ. இடைவெளியில் நடைபெற்றுவருகிறது. பத்தில் இரண்டு கணிப்புகளே பெருமழையைக் காட்டினாலும், அச்செய்தி மலைச்சரிவில் வாழ்வோர்க்குப் புறக்கணிக்கத்தக்கதன்று.

நான்காவது: மழைமானியின் பதிவு எளிய கடமையாகத் தோன்றினும், மாதிரியின் பிழையை அறிவிக்கும் கருவி அதுவே. மலைகள் மறைப்பதால் ராடாரின் கதிர் எட்டாத பள்ளத்தாக்குகளில் பள்ளியிலோ தோட்டத்திலோ உள்ள ஒரு மழைமானி தனிமதிப்புடையது. நாள்தோறும் அதே நேரத்தில் அளத்தலும், மழையில்லாத நாளைப் பூச்சியம் என எழுதுதலும் இன்றியமையாதவை. எழுதாமல் விட்ட நாளும் மழையில்லாத நாளும் ஒன்றல்ல.

வகுப்பறைப் பயிற்சி

மாணவர்கள் தம் வட்டாரத்தின் உயரக் கோடுகள் வரைந்த படத்தின் மீது 12 கி.மீ. சதுரங்களை வரைக. ஒவ்வொரு சதுரத்திலும் ஒன்பது இடங்களின் உயரத்தைக் குறித்துச் சராசரி காண்க. பிறகு 6 கி.மீ. சதுரங்களை வரைந்து அவ்வாறே செய்க. இரண்டு படங்களிலும் மிக உயர்ந்த சதுரம் எவ்வளவு உயரமுடையது? உண்மைச் சிகரத்தினின்று எவ்வளவு குறைந்தது? கணவாய் எந்தப் படத்தில் தெளிவாகத் தெரிகிறது? மேற்கிலிருந்து வரும் காற்று ஒவ்வொரு படத்திலும் எவ்வழியே செல்லும் என அம்புக்குறியிட்டுக் காட்டுக. பள்ளியின் மழைமானிப் பதிவை அன்றைய மாவட்ட முன்னறிவிப்புடன் ஒரு பருவம் முழுவதும் ஒப்பிட்டு எழுதி வருவார்களாயின், முன்னறிவிப்பு எந்தக் காற்றில் தம் ஊருக்குப் பொருந்துகிறது, எந்தக் காற்றில் பிறழ்கிறது என்பதை மாணவர்களே கண்டறிவர். அடுத்த பருவத்தில் ஊராருக்கு அவ்வறிவு பயன்படும்.