சாமக்கொடைக்குக் கேமரா தூக்கும் தம்பிக்கு



தாமிரபரணிக் கரை ஊர்களில் சுடலைமாடன் கொடை சூடு பிடிப்பது நள்ளிரவை ஒட்டித்தான். அதுவரை வில்லுப்பாட்டு. வில்லில் வீசுகோல் விழ, உடுக்கும் குடமும் சேர்ந்துகொள்ள, ட்யூப்லைட் வெளிச்சத்தில் கதை நகரும். கணியான் கூத்தின் மகுடப் பறை வேகமெடுக்கும்போது சாமியாடிக்கு அருள் வரும். சல்லடம் கட்டி, குல்லாய் வைத்தவர் தீப்பந்தத்தைக் கையில் வாங்கிக்கொண்டு சுடுகாட்டுப் பக்கம் வேட்டைக்குக் கிளம்புவார். பந்தலைத் தாண்டியதும் சீரியல் செட் முடிந்துவிடும். மிச்சம் இருக்கும் ஒரே விளக்கு அவர் கையில். அதுவும் அவரோடு சேர்ந்து ஆடுகிறது.

புதுக் கேமராக்காரர்கள் தோற்கும் இடம் அது. மறுநாள் கம்ப்யூட்டரில் திறந்தால் முகமெங்கும் சிவப்பும் பச்சையுமாய்ப் புள்ளி. உடனே பழி ஐ.எஸ்.ஓ. மேல் விழும். நீ கேட்டிருப்பதும் அதைத்தானே: ஐ.எஸ்.ஓ.வை எதுவரை ஏற்றலாம்?

ஏற்றுவதில் இல்லை விஷயம். ஒளி துகள்துகளாக வந்து விழுகிறது. அடுத்தடுத்த இரண்டு பிக்சல்களுக்கு ஒரே எண்ணிக்கையில் வந்து சேராது. சராசரியாக 10,000 துகள் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100 அளவுக்கு இருக்கும். அது 1 சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. சராசரி 100 என்றால் ஏற்ற இறக்கம் 10. அது 10 சதவீதம், புள்ளியாகத் தெரிந்துவிடும். நாய்ஸ் என்கிற இந்தப் புள்ளியின் பெரும்பங்கு இப்படி ஒளியின் வறுமையிலேயே பிறக்கிறது. ஐ.எஸ்.ஓ. கிடைத்ததைப் பெருக்கிக் காட்டுமே தவிர, ஒரு துகளைக்கூடக் கூடுதலாகக் கொண்டுவராது. நாய்ஸுக்குப் பயந்து 800-லேயே நின்று, இருட்டாக எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் தூக்கிவிடுபவர்கள் உண்டு. பல கேமராக்களில் அது 6400-ஐவிட மோசமாக வரும். நிழலில் கோடு கோடாகப் பட்டை விழும்.

ஒளியைக் கூட்டிக் கொடுப்பவை இரண்டு: லென்ஸின் வாய், ஷட்டரின் நேரம். கேமராவோடு சேர்த்துத் தரும் ஜூம் லென்ஸை முழுக்க நீட்டினால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். லென்ஸ்களில் அது மலிவான சாதிதான். புது கேமராவுக்குக் கடன் வாங்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

வாயைத் திறந்தால் விலையும் உண்டு. 1975-ல் வெளியான ‘பேரி லிண்டன்’ படத்தில் ஸ்டான்லி குப்ரிக் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுத்தார். நாசாவுக்காக ஜைஸ் நிறுவனம் செய்த எஃப் 0.7 லென்ஸ் அதற்குக் கைகொடுத்தது. ஃபோகஸ் அவ்வளவு மெலிதாக இருந்ததால் நடிகர்கள் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. சுடலைமாடன் உட்காரமாட்டார். அவர் ஒரு எட்டு முன்னால் வைத்தால் கண் தெளிவிழந்து, பின்னால் நிற்பவர் காது தெளிவாகிவிடும். அதனால் எஃப் 2, எஃப் 2.2 என்று கொஞ்சம் மூடிவைப்பது புத்திசாலித்தனம்.

ஷட்டர் விஷயத்தில் முதலில் கேட்க வேண்டியது, எதிரே இருப்பது அசையுமா என்பது. இதற்கு நெல்லைச் சீமையிலேயே நேரெதிரான ஒரு பாடம் இருக்கிறது. முக்கூடல் பக்கம் திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோவில் கோபுரத்தின் உள்ளே, ஐந்து நிலைகளிலும் நாயக்கர் காலத்துச் சுவரோவியங்கள். குதிரைகளை ஏற்றி வரும் கப்பல்கூட அங்கே உண்டு. அனுமதி வாங்கி ஏறினால் உள்ளே நல்ல இருட்டு. ஆனால் அந்தக் கப்பல் எங்கும் போகப்போவதில்லை. ஸ்டாண்டில் நிறுத்தி, ஃபிளாஷ் இல்லாமல், ஐ.எஸ்.ஓ. 100-ல் 8 வினாடி திறந்து வைக்கலாம். அதே வெளிச்சத்துக்கு 3200-ல் கால் வினாடி போதும். இரண்டு படமும் திரையில் ஒரே பிரகாசமாகத்தான் தெரியும். முதல் படத்தில் சேர்ந்த ஒளி 32 மடங்கு. நிழலுக்குள் இருக்கும் கோடுகூட உடையாமல் நிற்கும். அங்கே போய்க் கையில் பிடித்து 3200-ல் எடுத்துவிட்டு நாய்ஸ் என்று புலம்புவது வீண். (அதே ஊர் மரங்களில் கூடு கட்டும் பறவைகளுக்காக 2005-ல் அது பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அந்தி நேரத்தில் கூடு திரும்பும் பறவைகளை எடுக்க நின்றால் கணக்கு மறுபடி தலைகீழாகிவிடும்.)

வேட்டைக்குப் போகிறவருக்கு 8 வினாடி எடுபடாது. நடந்து வரும்போது 125-ல் ஒரு பங்கு, ஆடும்போது 250-ல் ஒரு பங்கு வினாடியாவது வேண்டும். கேமராவுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசர் எடுப்பவர் கையின் நடுக்கத்தை அடக்குமே தவிர, ஆடுகிறவரின் காலை நிறுத்தாது. ஆகவே அங்கே 6400 என்ன, 12,800 என்றாலும் ஏற்றத்தான் வேண்டும். புள்ளி விழுந்த முகத்தைப் பார்த்து ஊரார் பேர் சொல்வார்கள். கலங்கிய முகத்துக்கு யாரும் பேர் சொல்லமாட்டார்கள்.

பந்த வெளிச்சத்துக்கு இன்னொரு குணம். அதில் சிவப்பு அதிகம், நீலம் மிகக் குறைவு. அதனால் ஒரே படத்தில் இரண்டு கேடு சேர்ந்து வரும். நெற்றித் திருநீற்றில் சிவப்பு நிரம்பி வழிந்து விவரம் அழியும். கறுப்புத் துணியில் நீலம் பட்டினி கிடந்து புள்ளியாகும். மஞ்சளைக் குறைக்க வண்ணச் சமநிலையைத் திருத்தினால் அந்தப் பட்டினி நீலம்தான் பெருக்கப்படுகிறது, நாய்ஸும் கூடவே பெருகும். ஹிஸ்டோகிராமில் மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் வசதியைப் போட்டுக்கொண்டு சிவப்பின் வலது ஓரத்தைக் கவனிக்க வேண்டும். தீ மஞ்சளாகவே இருக்கட்டும்.

கேமராவின் மீட்டருக்கோ இரவு என்றால் என்னவென்றே தெரியாது. எதைக் காட்டினாலும் சாம்பல் நிறச் சராசரிக்கு இழுக்கும். சுற்றிலும் கும்மிருட்டு, நடுவில் ஒரு முகம் என்றால் இருட்டை வெளுக்க வைத்து முகத்தைச் சுண்ணாம்பாக்கிவிடும். ஒரு ஸ்டாப், சில சமயம் இரண்டு ஸ்டாப் குறைத்து, முகத்துக்கு மட்டும் கணக்கு வைத்தால் போதும். ‘நாயகன்’ 1987-ல், ‘அக்னி நட்சத்திரம்’ 1988-ல் வந்தன, ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் பாதி முகத்தை நிழலிலேயே விட்ட படங்கள் அவை. இருட்டு இருட்டாகவே தெரியலாம் என்பதைத் தமிழ்நாட்டுக் கண்கள் அப்போதே பழகிவிட்டன.

பந்தலுக்குள் திரும்பினால் வேறு தொல்லை. நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் வைத்த ட்யூப்லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் வினாடிக்கு 100 முறை மங்கி எரியும். 250-ல் ஒரு பங்கில் எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். வில்லுப்பாட்டுக் குழு உட்கார்ந்தே பாடுவதால் 100-ல் ஒரு பங்குக்கு இறங்கிவிடலாம்.

கருவியைப் பற்றி ஒரு செய்தி. காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த மா. கிருஷ்ணன் 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். ஒன்றின் உடலையும் இன்னொன்றின் லென்ஸையும் சேர்த்து அவரே உருவாக்கிய கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று கேலியாகப் பேர் வைத்திருந்தார். அந்தக் கேமராவோடு யானை மேல் ஏறிப்போய்க் காட்டு யானைகளைப் படமெடுத்தார். 6400-ஐ இயல்பான எல்லைக்குள் கொண்டுவந்த நிக்கான் டி3 வந்தது 2007-ல்தான். கிருஷ்ணன் 1996-லேயே காலமாகிவிட்டார்.

ரா ஃபைலில் எடு. நாய்ஸ் நீக்கும் புதிய மென்பொருள்கள் கெட்டிக்காரத்தனமானவைதான். ஆனால் முழு அளவில் தள்ளினால் முகத்தில் இல்லாத தோலை அவையே வரைந்துவிடும். நிறப் புள்ளிகளை மட்டும் எடுத்துவிட்டு, கறுப்பு வெள்ளைச் சொரசொரப்பைக் கொஞ்சம் விட்டுவைப்பது மேல். திரையில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து வருத்தப்படவும் வேண்டாம். 24 மெகாபிக்சல் படத்தை 12-க்கு 8 அங்குலத்தில் அச்சடித்தால் அங்குலத்துக்கு 500 பிக்சல் வரும். கைக்கெட்டும் தூரத்தில் புள்ளி பெரும்பாலும் கரைந்துவிடும். அப்படி ஒரு பிரதியைச் சாமியாடி வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடு.

ஒன்று விட்டுப்போயிற்று. கொடை முடிந்து ஆற்றுப் பக்கம் வரும்போது விடிந்திருக்கும். படித்துறையில் நல்ல வெளிச்சம் விழுந்திருக்கும். ராத்திரி வைத்த 6400 கேமராவில் அப்படியே இருக்கும். இறக்கிவிட்டுப் போ.