நானுஓயா ஏற்றத்துக்கு எத்தனை ரொட்டி?

அன்புள்ள தம்பிக்கு,

ஹட்டனில் புறப்பட்டு, தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏறி, லபுக்கலை, றம்பொடை, புசல்லாவை என்று இறங்கிக் கம்பளையைத் தொட்டு, நாவலப்பிட்டி, கினிகத்தேனை ஊடாக மறுபடி ஹட்டனுக்கே வந்து சேரும் சைக்கிள் சுற்று ஒன்றைப் போடப் போவதாக எழுதியிருந்தாய். கூடவே ஒரு கேள்வி: கொழும்பில் விற்கும் வெளிநாட்டு எனர்ஜி ஜெல் பக்கெட் எத்தனை வாங்க வேண்டும்? ஒன்றும் வேண்டாம் என்பதுதான் பதில். காரணம்தான் கொஞ்சம் நீளம்.

சுற்று நூற்றைம்பது கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். ஆனால் மலைநாட்டில் தூரத்தைவிட உயரத்தைத்தான் எண்ண வேண்டும். ஹட்டன் ஏறத்தாழ 1270 மீற்றரில் இருக்கிறது, நுவரெலியா 1868இல். கம்பளையும் நாவலப்பிட்டியும் 500, 600 மீற்றர் மட்டத்தில். தலவாக்கலைக்கு மேலே அறுநூற்றுச் சொச்சம் மீற்றர் ஒரு ஏற்றம். நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டன் வரை கிட்டத்தட்ட அதே அளவு இன்னொன்று. நடுவில் வரும் சில்லறை ஏற்றங்களையும் கூட்டினால் 1500 மீற்றராவது ஆகும்.

உன் எடை 55 கிலோ, சைக்கிளும் போத்தலும் பையும் 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எழுபது கிலோவை 1500 மீற்றர் உயர்த்துவதற்குச் செலவாகும் வேலை சுமார் 1030 கிலோஜூல். மனிதத் தசை சாப்பாட்டிலிருந்து எடுக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்கைத்தான் மிதியில் இறக்கும். மற்றது சூடாகக் கழியும். ஒரு கிலோகலோரி என்பது 4.2 கிலோஜூல். இந்த இரண்டு எண்களும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுவதால் சைக்கிள்காரர்களுக்கு ஒரு சுலபமான வாய்பாடு கிடைத்திருக்கிறது: மிதியில் ஒரு கிலோஜூல் போனால் உடம்பில் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி போகும். உயரத்துக்கு மட்டுமே ஆயிரம் கலோரி. காற்றையும் ரோட்டையும் எதிர்த்து உருளும் செலவு அதற்குமேல்.

கையிருப்பு எவ்வளவு? நன்றாகச் சாப்பிட்டு ஓய்வெடுத்த ஒருவரின் தசைகளில் 400 கிராம், ஈரலில் 100 கிராம் அளவில் கிளைக்கோஜன் சேர்ந்திருக்கும். கிராமுக்கு நாலு கலோரி என்றால் மொத்தம் 2000. மெலிந்த உடம்பில் அதுவும் குறையும். கொழுப்பு எல்லோரிடமும் தாராளமாக உண்டு. ஆனால் அது மெதுவாகத்தான் எரியும், ஏற்றத்தில் கேட்ட வேகத்துக்கு வராது. ஈரலின் இருப்பு தீர்ந்து இரத்தத்தில் குளுக்கோஸ் இறங்கும்போது கை கால் வெடவெடக்கும், கண்ணைக் கட்டிக்கொண்டு வரும், காரணமில்லாமல் கூட வருகிறவன் மேல் கோபம் வரும். சைக்கிளை மதகில் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

உன் சுற்றில் இது எந்த இடத்தில் நடக்கும்? நானுஓயாவில் என்று நினைப்பாய். அங்கே நடக்காது, அது முதல் ஏற்றம். ஆபத்து கினிகத்தேனைக்கும் ஹட்டனுக்கும் இடையிலுள்ள வட்டவளைக்குக் கீழேதான். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகையளவு. வியர்வையில் நனைந்த சட்டையோடு லபுக்கலைத் தேயிலைக்குள்ளே மணிக்கு நாற்பதில் இறங்கும்போது குளிரில் விரல் மரத்துப் போகும். வளைவுக்கு வளைவு இரண்டு கையும் பிரேக்கில். அந்த ஒன்றரை, இரண்டு மணி நேரம் யாரும் வாயில் ஒன்றும் போடுவதில்லை. நடுக்கம் வேறு இருக்கிற குளுக்கோஸைத் தின்னும். கம்பளையில் வெயில் சுகமாக இருக்கும், பசி தெரியாது. நாவலப்பிட்டி தாண்டி ரோடு மேல்நோக்கித் திரும்பும்போதுதான் கணக்கு வெளிக்கும். அதனால் இறங்கத் தொடங்குமுன் நுவரெலியாவில் நின்று நன்றாகச் சாப்பிடு; றம்பொடையில் இன்னொரு தடவை நில். குளிருக்கு நெஞ்சில் ஒரு பத்திரிகைத் தாளைச் செருகிக்கொள்வது ஐரோப்பிய வீரர்களின் பழைய வழக்கம். செலவில்லாத யோசனை அது.

ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட சவாரிக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து என்பதே விளையாட்டு மருத்துவத்தின் பொது அளவு. அறுபதில் ஏன் நிற்க வேண்டும்? குடற்சுவரில் குளுக்கோஸைக் கடத்தும் புரதம் மணிக்கு அறுபது கிராமுக்குமேல் சுமக்காது. பிரக்டோஸுக்கு வேறொரு கடத்தி உண்டு. இரண்டு வகைச் சர்க்கரையையும் கலந்து கொடுத்தால், பழக்கப்பட்ட வயிறு தொண்ணூறு கிராம்வரை ஏற்கிறது. வெளிநாட்டு ஜெல் பக்கெட்டுகள் இந்தக் கலவையைத்தான் பெரிய எழுத்தில் அச்சடித்து விற்கின்றன. உன் வீட்டு டப்பாவில் இருக்கும் சீனியின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு குளுக்கோஸும் ஒரு பிரக்டோஸும் சேர்ந்ததுதான்.

இனி சாப்பாடு. நூறு கிராம் கோதுமை மாவில் சுமார் 75 கிராம் மாச்சத்து இருக்கிறது. கொழுந்து மலைக்குக் கட்டிக்கொண்டு போகும் ஒரு தடித்த ரொட்டி ஒரு மணி நேரச் சவாரிக்குத் தாராளம். ஒரு குறை உண்டு. தேங்காய்ப்பூவின் கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். அதனால் ரொட்டியைப் புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பும், நீண்ட இறக்கத்துக்கு முன்பும் வைத்துக்கொள். ஏற்றத்தின் அடிவாரத்தில் வேண்டாம். கட்டச் சம்பலை அன்றைக்கு ஒதுக்கிவை. ரோல்ஸ், வடை போன்ற பொரித்த பண்டங்கள் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். எள்ளுருண்டை சுவையானது, ஆனால் எள்ளில் பாதி எண்ணெய்.

ஏற்றத்துக்கு உகந்தது வாழைப்பழம். 2012இல் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் நீமன் குழுவினர் 14 சைக்கிள் வீரர்களை 75 கிலோமீற்றர் ஓடவிட்டு, ஒரு தடவை வாழைப்பழமும் மறு தடவை விளையாட்டுப் பானமும் கொடுத்துப் பார்த்தார்கள். ஓட்ட நேரத்தில் வேறுபாடு இல்லை. கிழங்கு விளைவிக்கும் நுவரெலியாக்காரர்கள் பெருமைப்படவும் ஒன்று உண்டு: 2019இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் 12 வீரர்களுக்கு உருளைக்கிழங்கு மசியலையும் ஜெல்லையும் கொடுத்து ஒப்பிட்டபோது இரண்டும் சமமாகவே நின்றன. கிழங்கு கொஞ்சம் வயிற்றை ஊதச் செய்தது, ஏனென்றால் அதே மாச்சத்துக்கு அதிக அளவு சாப்பிட வேண்டும். அவித்து உப்புத் தூவிய சின்னக் கிழங்குகளைப் பொலித்தீன் பையில் போட்டுப் பின்பக்கப் பையில் வைத்துக்கொள். தித்திப்பே தின்று நாக்குச் சலித்த நேரத்தில் அந்த உப்புக் கிழங்கின் அருமை தெரியும். சமபோஷாவைச் சீனியும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு உருட்டிக்கொண்டால் அதுவும் ஆகும்.

எப்போது சாப்பிடுவது? பிரான்சின் செந்தெத்தியேன் நகரில் வாழ்ந்து, 'வெலோசியோ' என்ற புனைபெயரில் சைக்கிள் இதழ் நடத்திய போல் த விவி (1853–1930) மலைப் பாதைகளிலேயே காலத்தைக் கழித்த சைவ உணவுக்காரர். பசி வருமுன் சாப்பிட வேண்டும், தாகம் வருமுன் குடிக்க வேண்டும் என்பது அவர் தன் தோழர்களுக்கு விதித்த விதிகளில் ஒன்று. முதல் பாதி இன்றும் அப்படியே நிற்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு வாய். பசியைக் கேட்டுக்கொண்டு இருக்கக் கூடாது.

இரண்டாம் பாதி திருத்தம் கண்டிருக்கிறது. நடுவில் உலகம் எதிர்ப்பக்கத்துக்குச் சாய்ந்ததும் உண்டு. தண்ணீர் குடிப்பது பலவீனம் என்று சைக்கிள் உலகம் நம்பிய காலத்தில், பிரெஞ்சுச் சுற்றுப் போட்டியில் வீரர்கள் பெறும் தண்ணீருக்குக் கட்டுப்பாடு இருந்தது. 1967 ஜூலை 13 அன்று டொம் சிம்சன் என்ற ஆங்கிலேய வீரர் வொந்து மலையேற்றத்தில் விழுந்து இறந்தார். கொளுத்தும் வெயில், ஊக்க மருந்து, மது மூன்றும் சேர்ந்த சாவு அது. அந்த மலை 1900 மீற்றரைச் சற்றுத் தாண்டும்; நம்முடைய நுவரெலியாவின் உயரந்தான். பிறகு ஊசல் மறுபக்கம் போய், எவ்வளவு குடிக்க முடியுமோ அவ்வளவு குடி என்றார்கள். 2002 பொஸ்டன் மரதனில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்கு சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. வெறும் தண்ணீரோ பானமோ அளவுக்கு மீறிக் குடித்து, ஓட்ட முடிவில் எடை கூடி நின்றவர்களிடமே அது அதிகம். இன்றைய அறிவுரை தாகத்தை நம்பச் சொல்கிறது. நுவரெலியாக் குளிரில் மட்டும் தாகம் மழுங்கும் என்பதால், வாயில் எதையாவது போடும் ஒவ்வொரு தடவையும் இரண்டு மிடறு குடித்துக்கொள்.

என்ன குடிப்பது என்பதற்கு நம் லயத்து அடுப்படியே பதில் வைத்திருக்கிறது. பிளேன்டி. ஒரு லீற்றர் சாயத்தில் சீனி 60 கிராம், அதாவது தட்டிய தேக்கரண்டியால் பதினைந்து. உப்புக் கால் தேக்கரண்டி. அரைத் தேசிக்காய்ச் சாறு. ஆறவிட்டுப் போத்தலில் ஊற்று. கடையில் விற்கும் விளையாட்டுப் பானத்தின் சர்க்கரையும் சோடியமும் ஏறத்தாழ இதே அளவுதான். ஒரு கோப்பைத் தேயிலையில் இருக்கும் 40, 50 மில்லிகிராம் கஃபீன் களைப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடும். உடம்பை வற்றச் செய்யும் என்ற பயம் இந்த அளவில் தேவையில்லை. சோடாப் போத்தல்களில் சர்க்கரை இன்னும் கெட்டி, வயிற்றில் தங்கிக் குமட்டும். செவ்விளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். கம்பளை வெயிலில் குடித்துப் பார், கூட ஒரு சிட்டிகை உப்பு.

பார்மசியில் விற்கும் ஜீவனி பக்கெட்டைப் பற்றியும் கேட்டிருந்தாய். உப்பும் குளுக்கோஸும் சேர்ந்தால் குடல் தண்ணீரை விரைந்து உறிஞ்சும் என்ற கண்டுபிடிப்பிலிருந்து வந்தது அந்த வகை மருந்து. 1971இல் வங்காள அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் அதைக் கொண்டு ஆயிரக்கணக்கான கொலராக்காரரைக் காப்பாற்றினார். ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றைய சூத்திரத்தில் லீற்றருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம் மட்டுமே. நீரிழப்புக்கு அது மருந்து. ஏற்றத்துக்கு எரிபொருள் ஆகாது.

வழியில் பீலித் தண்ணீரைப் பார்த்ததும் வாய் வைக்காதே. மேலே எந்த லயம், எந்த மலசலகூடம், எந்த மருந்தடித்த மலை என்று உனக்குத் தெரியாது. உன் வழியில் இருக்கும் கம்பளையிலேயே 2007இல் அசுத்தத் தண்ணீரால் ஹெபடைற்றிஸ் ஏ பரவிப் பலர் படுத்தார்கள். கடையில் கொதித்த தேத்தண்ணீர் கிடைக்கும் நாட்டில் இந்தத் துணிச்சல் தேவையா?

இவ்வளவும் போத்தலையும் பையையும் பற்றியது. நீ கேட்காத ஒன்றுதான் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. 1970களின் பிற்பகுதியில் எட்ஜெர்ட்டன், கார்ட்னர், சேனவிரத்ன முதலிய ஆய்வாளர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையே இரத்தச்சோகையை ஆராய்ந்தார்கள். கொழுந்து பறிக்கும் பெண்களில் ஒரு சாராருக்கு இரும்புச் சத்தும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்து, தினமும் பறித்த கொழுந்தை நிறுத்தார்கள். ஒரு மாதத்தில், ஹீமோகுளோபின் ஏறியவர்கள் பறித்த கொழுந்தின் நிறை கூடியிருந்தது; அதிகம் சோகையாயிருந்தவர்களிடம் முன்னேற்றமும் அதிகம். ஓடுபொறியில் நடக்கவிட்ட சோதனையிலும் ஹீமோகுளோபின் குறைந்தவர்கள் முதலில் நின்றார்கள். நாள்தோறும் மலையேறிய கால்கள் அவை. குறை காலில் இல்லை. இந்த ஆய்வு விளையாட்டு வீரர்களுக்காக எழுதப்பட்டதல்ல. ஆனால் நம் பிள்ளைகள் சைக்கிளில் ஏறுமுன் படிக்க வேண்டியது எந்த ஜெல் விளம்பரமும் அல்ல, இதுதான். 2016ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில் வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாட்டில் 17 சதவீதம், தோட்டப்புறத்தில் 32 சதவீதம் அளவில் இருந்தார்கள். தட்டில் நெடுங்காலம் இருந்த குறையை ஒரு நாள் போத்தல் ஈடுகட்டாது.

இதில் பிளேன்டிக்கும் ஒரு பங்கு உண்டு. தேயிலையின் தனின் பருப்பு, கீரை, மா ஆகியவற்றின் இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் சேரவிடாது. 1975இல் தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் இதைத் தெளிவாக அளந்து காட்டினார்கள். சவாரியில் போத்தலில் குடிப்பது சரி. சோற்றோடும் ரொட்டியோடும் குடிக்கும் அன்றாட வழக்கத்தை மாற்று, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடு. பொன்னாங்காணி, நெத்தலிக் கருவாடு, பருப்பு, கிடைக்கும்போது ஈரல்; கூடவே தேசிக்காயோ கொய்யாவோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

சுற்றுக்கு முன் ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபினைச் சோதித்துக்கொள். பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆணுக்கு டெசிலீற்றருக்கு 13 கிராம் என்பது எல்லை. நீ இருக்கும் உயரத்தில் இரத்தம் இயல்பாகவே சற்றுக் கெட்டியாக இருக்கும், ஆகவே சீட்டில் 13.2 என்று கண்டு திருப்தியடையாமல் உயரத்தைச் சொல்லி டாக்டரிடம் கேள். மாத்திரையை நீயாக வாங்கி விழுங்காதே. தேவையில்லாத உடம்பில் இரும்பு கேடு செய்யும்.

அது சரியென்றால், இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை நானுஓயா வரை மட்டும் போய்வந்து, மணிக்கு முப்பது கிராமில் தொடங்கி வயிற்றைப் பழக்கு. ரொட்டியில் தேங்காய்ப்பூவைப் பாதியாகக் குறைத்துச் சுட்டுப் பார். அம்மாவிடம் கேட்காதே, பெரட்டுக்கு முன் அவருக்கு ஏற்கெனவே நேரமில்லை. மா பிசைய அரை மணி நேரம் போதும், நீயே சுடு.

அன்புடன்,
அண்ணன்