ஒரு துளிக் குருதி

பெங்களூருவில் மழைக்காலம் தொடங்கியதும் வகுப்பறைகளில் இருமல் ஒலி மிகுகிறது. உடனே பல வீடுகளில் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளை உண்ணத் தொடங்குகின்றனர். மருந்துக்கடையில் 'ஆன்டிபயாடிக்' என்று கேட்டு வாங்குவது இதனையே. இம்மருந்து பாக்டீரியாவை அழிக்கும். வைரஸை ஒன்றும் செய்யாது. சளியும் இருமலும் பெரும்பாலும் வைரஸால் வருவன.

மருந்து வீணாவதோடு நின்றால் கவலையில்லை. நம் உடலில் வாழும் பாக்டீரியாக்களுள் வலுவற்றவை மடிய, மருந்தைத் தாங்க வல்லவை எஞ்சிப் பெருகுகின்றன. பின்னொரு நாள் மெய்யாகவே நிமோனியா வரும்போது அம்மருந்து பயன்படாமற் போகலாம். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945-ஆம் ஆண்டின் நோபல் உரையிலேயே இது குறித்து எச்சரித்தார். மருத்துவர் சீட்டின்றி உண்ணலாகாத மருந்துகளை அட்டையிலுள்ள சிவப்புக் கோட்டால் அறியுமாறு 2016-இல் இந்திய அரசு மக்களுக்கு அறிவுறுத்தியது. தமிழ் படிப்பவர்க்கும் கன்னடம் படிப்பவர்க்கும் அக்கோடு பொது.

ஆயினும், சீட்டு எழுதும் மருத்துவருக்கே ஐயம் எழுவதுண்டு. சளியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை பொறுக்க அஞ்சி, 'எதற்கும் இருக்கட்டும்' என்று எழுதிவிடுவோர் பலர். இங்கேதான் விரைவுச் சோதனை உதவுகிறது.

விரல் நுனியில் எடுத்த ஒரு துளிக் குருதி போதும். சில நிமிடங்களில் சி.ஆர்.பி. என்னும் புரதத்தின் அளவு தெரிந்துவிடும். கல்லீரல் சுரக்கும் இப்புரதம் பாக்டீரியாத் தொற்றில் மிகுதியாகவும், வைரஸ் தொற்றில் பெரும்பாலும் குறைவாகவும் இருக்கும். 2014-இல் பிரிட்டன் பெரியவர்களுக்கு ஒரு வழிகாட்டுதல் வகுத்தது. நோயாளியைப் பார்த்த பின்னும் ஐயம் நீங்காவிடில் இச்சோதனையைச் செய்யலாம். அளவு லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைவெனில் பொதுவாக மருந்து வேண்டா. 100-க்கு மேலெனில் தருக. இடைப்பட்டதெனில் சீட்டை மட்டும் கொடுத்து, நோய் முற்றினால் வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். இம்மூன்றாம் வழியே எனக்கு மிகவும் பிடித்தது. நோயாளியையும் நம்பும் வழி அது.

வட வியட்நாமின் 10 நலவாழ்வு நிலையங்களில் ஏறத்தாழ 2,000 பேரிடம் இச்சோதனை ஆராயப்பட்டது. வழக்கமான முறையில் நூற்றுக்கு 78 பேர் நுண்ணுயிர்க்கொல்லி உண்டனர். சோதனை செய்த பிரிவில் 64 பேரே உண்டனர். நோய் தீர எடுத்த காலம் இரு பிரிவினர்க்கும் ஒன்றே.

இச்சோதனைக்கும் எல்லையுண்டு. காயத்தாலும் அப்புரதம் உயரும். மூச்சுத் திணறும் குழந்தைக்குச் சோதனை முடிவை எதிர்பார்த்துச் சிகிச்சையைத் தாழ்த்தலாகாது. எந்த மருந்து பலிக்கும் என்பதையும் இச்சோதனை சொல்லாது. அதனைச் சொல்லும் ஸ்வீடன் நாட்டுக் கருவியொன்று 2024-இல் லாஞ்சிடியூட் பரிசை வென்றது. ஆனால் அது சிறுநீர்த் தொற்றுக்கு உரியது. மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர்களை எதிர்க்கும் முயற்சிகளுக்கு நம் பெங்களூருவின் சி-கேம்ப் நிறுவனமும் துணைநிற்கிறது.

பயிற்சி

1. தேவையின்றி நுண்ணுயிர்க்கொல்லி உண்பதால் மருந்து வீணாவதைவிடப் பெரிய தீங்கு யாது?
2. ஒருவரின் சி.ஆர்.பி. அளவு 60 எனில் மருத்துவர் என்ன செய்யலாம்? காரணம் கூறுக.
3. வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளைப் பெற்றோர் துணையுடன் பார்த்து, சிவப்புக் கோடு உள்ளவற்றின் பெயர்களைத் தமிழில் எழுதுக.