ஏறாத உடம்பு



ஜெயங்கொண்டத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. உங்கள் அப்பா ரெண்டு குவார்ட்டர் போட்டாலும் தள்ளாடாமல் வீடு வந்துவிடுவார். நண்பனின் கல்யாணத்தில் மற்றவர்கள் சாய்ந்தபோதும் உங்களுக்கு மட்டும் ஏறவே இல்லை. இது ரத்தத்தில் வருகிற தெம்பா என்று கேட்கிறீர்கள். ரத்தத்தில் வருகிறது என்பதில் உண்மை உண்டு. ஆனால் அது தெம்பு இல்லை, ஆபத்து.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் 'எவ்வளவு அடிச்சாலும் ஸ்டெடியா இருப்பாரு' என்பது பாராட்டு. ஆனால் ஆய்வு சொல்வது வேறு. அமெரிக்க மனநல மருத்துவர் மார்க் ஷக்கிட், குடிநோயாளிகளின் மகன்களுக்கு இருபது வயதுவாக்கில் அளந்து மது கொடுத்துச் சோதித்தார். பல ஆண்டுகள் கழித்து அவர்களையே தேடிப் பார்த்து, 1994இல் முடிவை வெளியிட்டார். போதை லேசில் ஏறாதவர்களில் 56 சதவீதம் பேர் குடிநோயாளிகளாகியிருந்தார்கள். சீக்கிரம் ஏறியவர்களில் 14 சதவீதம்தான். 'போதும்' என்று உடம்பு சொல்லாததால்தான் அடுத்த கிளாஸுக்குக் கை போகிறது. தலைக்கு ஏறாவிட்டாலும் கல்லீரல் கெடுவது நிற்பதில்லை. இது ரத்தத்தில் வருவது என்பதற்கும் சான்று உண்டு: பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் விவேக் பெனகல் குழுவினர், குடியையே தொட்டறியாத, ஆனால் குடிநோயாளிக்குப் பிறந்த மகன்களின் மூளை அலைகளில்கூட வேறுபாட்டைக் கண்டார்கள்.

சிலருக்கோ உடம்பே தடை போடும். கல்லீரல் மதுவை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக்கும். பிறகு இன்னொரு நொதி அந்த நஞ்சை முறிக்கும். சீனர், ஜப்பானியர் பலருக்கு ஒரு மரபணு மாற்றத்தால் இந்த இரண்டாவது நொதி பிறவியிலேயே மந்தம். ஒரு கிளாஸிலேயே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டும். அதனால் பலர் அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நம்மவர்களிடம் அந்த மரபணு மாற்றம் மிக அரிது.

முகம் சிவந்து குமட்டும் அந்த நிலையைச் செயற்கையாக உண்டாக்குவதுதான் டைசல்ஃபிராம் மாத்திரை. 'தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்ற நோட்டீஸைப் பார்த்து, மருந்து வாங்கிக் குழம்பில் போடலாமா என்று அம்மா கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். எந்த நோட்டீஸ் மருந்தில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராமாகவே இருந்தாலும், விஷயம் தெரியாமல் அப்பா அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சடாரென இறங்கும், இதயமே நின்றுபோகலாம். அவருக்குச் சொல்லி, டாக்டர் பார்வையில் கொடுக்க வேண்டிய மருந்து அது. அதற்காக வீட்டிலேயே அடைத்துவைத்துக் குடியை நிறுத்தவும் முயலாதீர்கள். தினமும் குடிப்பவர் திடீரென விட்டால் கை நடுங்கும், சிலருக்கு வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்பாவை அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போய் மனநல மருத்துவரைப் பாருங்கள். அப்பா வர மறுத்தால், முதலில் நீங்களும் அம்மாவும் 14416 எண்ணில் பேசுங்கள். அது கட்டணமில்லாத அரசு மனநல உதவி எண். நீங்கள் மட்டும், தம்பி, ஏறவில்லையே என்று இன்னொரு முறை சோதித்துப் பார்க்காதீர்கள்.