அசாதியோப்பிரினும் வெள்ளணுக்களும்

1971-ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவிலேயே முதன்முறையாக மாற்றுச் சிறுநீரகம் வெற்றியுடன் பொருத்தப்பெற்றது. அயல் உறுப்பை உடல் தள்ளிவிடாதிருக்க அக்காலத்தில் உலகெங்கும் பயன்பட்ட மருந்துகளுள் முதன்மையானது அசாதியோப்பிரின். குடல் அழற்சி முதலிய நோய்களுக்கு இன்றும் இது வழங்கப்படுகின்றது.

பெருகும் அணுக்கள் தம் மரபுப் பொருளைப் படியெடுப்பதை இம்மருந்து தடுக்கின்றது. தடுப்பாற்றல் அடங்குவது இதனாலேயே. ஆயின் எலும்பு மச்சையும் ஓயாது அணுக்களை ஆக்குமிடமாதலின் அதுவும் தாக்குறும். இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறையும். நம் நாட்டினர்க்கு இதில் தனிக் கவனம் தேவை. இம்மருந்தின் வீரியப் பொருளைச் செயலிழக்கச் செய்யும் என்.யு.டி.டி.15 என்னும் நொதியில் காணும் மரபு மாற்றம் ஐரோப்பியரிடம் அரிது. இந்தியர் உள்ளிட்ட ஆசிய மக்களிடம் மிகுதி. அம்மாற்றமுடையோர்க்கு வழக்கமான அளவே நஞ்சாகலாம். தொடக்க வாரங்களில் தலைமயிர் கொத்தாக உதிர்வது அதன் முன்னறிகுறி. மேனாட்டு நூல்கள் கூறும் அளவை அப்படியே கைக்கொள்ளுதல் பொருந்தாது. யூரிக் அமிலத்தைக் குறைக்க உண்ணும் அல்லோப்பியூரினாலும் உடன் சேரின் இதே கேடு விளையும்.

பெங்களூரின் லிங்கராஜபுரம் போன்ற பகுதிகளில் வீடுதோறும் செல்லும் பணியாளர், இம்மருந்து உண்பவரிடம் காய்ச்சலோ தொண்டைப்புண்ணோ கண்டால், சாதாரணச் சளி எனக் கருதி மாத்திரை கொடுத்து அமைதல் கூடாது. அன்றே மருத்துவரிடம் அனுப்பி இரத்த அணுக்களை எண்ணச் செய்தல் வேண்டும். மருந்தைத் தாமாகவே நிறுத்தச் சொல்லுதலும் தவறு. பொருத்திய சிறுநீரகம் அதனால் பழுதுறக்கூடும்.