இழுப்பதைவிட நிறுத்துவதே முக்கியம்

1954ஆம் ஆண்டு, வியட்நாமின் வடமேற்கு மலைப்பகுதியில் உள்ள தியென் பியன் பூ என்னும் இடத்தில் பெரும்போர் நடந்தது. வியட்நாமியப் படையினருக்கு அரிசியையும் பிற பொருள்களையும் கொண்டு செல்ல ஆயிரக்கணக்கான மிதிவண்டிகள் பயன்பட்டன. பல மிதிவண்டிகளில் 200 கிலோகிராமுக்கும் மேற்பட்ட சுமை ஏற்றப்பட்டது. ஆனால், அவற்றை எவரும் மிதித்து ஓட்டவில்லை. கைப்பிடியில் ஒரு நீண்ட கழியைக் கட்டி, பக்கத்தில் நடந்தபடியே தள்ளிச் சென்றனர். அவ்வளவு சுமையுடன் இரண்டே சக்கரங்களின்மேல் ஏறி அமர்ந்து, சாயாமல் ஓட்டுவது இயலாத செயல்.

சுமையை மிதிவண்டியின்மேல் ஏற்றாமல், அதன் பின்னால் பூட்டிய வேறொரு வண்டியில் ஏற்றினால் இச்சிக்கல் பெரிதும் குறையும். அவ்வாறு பூட்டப்படும் வண்டியே டிரெய்லர் எனப்படும் இழுவண்டி ஆகும். எண்ணெய்ச் செலவின்றிப் பொருள்களைக் கொண்டு செல்ல இது உதவுகிறது. எனினும், இதைத் தேர்ந்தெடுப்பதிலும் பயன்படுத்துவதிலும் கவனம் தேவை.

முதலில் சுமையின் எடையை அறிய வேண்டும். ஒரு பள்ளி மாணவர்கள், பயன்படுத்திய தாள்களை மறுசுழற்சி நிலையத்திற்குக் கொண்டு செல்ல எண்ணுகிறார்கள் எனக் கொள்ளலாம். 500 தாள்கள் அடங்கிய வழக்கமான ஏ4 தாள் கட்டு ஒன்று ஏறத்தாழ 2.5 கிலோகிராம் இருக்கும். ஐந்து கட்டுகள் கொண்ட ஒரு பெட்டி 12.5 கிலோகிராம். அத்தகைய ஐந்து பெட்டிகள் சேர்ந்தால் 62.5 கிலோகிராம். பார்வைக்குச் சிறிதாகத் தோன்றும் சுமை, வளர்ந்த ஒருவரின் எடைக்கு ஈடாகிவிடுகிறது. ஆகவே, கண்ணால் மதிப்பிடாமல் எடைக்கருவியில் நிறுத்துப் பார்ப்பதே நன்று.

இழுவண்டிகளில் ஒற்றைச் சக்கரம் கொண்டவையும் இரட்டைச் சக்கரம் கொண்டவையும் உள்ளன. ஒற்றைச் சக்கர வண்டி குறுகலானது. ஒடுங்கிய பாதைக்கு ஏற்றது. ஆனால், மிதிவண்டி சாயும்போது அதுவும் உடன் சாய்வதால் சுமையின் எடை ஓட்டுநரையும் சாய்க்கப் பார்க்கும். எனவே, அது மிதமான சுமைக்கே பொருந்தும். இரட்டைச் சக்கர வண்டி தானாகவே நிமிர்ந்து நிற்கும் என்பதால் கனமான சுமைக்கு அதுவே ஏற்றது.

இழுவண்டியை மிதிவண்டியோடு இணைக்கும் இடமும் முக்கியம். சிலவற்றை இருக்கைத் தண்டில் பூட்டலாம். சிலவற்றைப் பின்சக்கர அச்சின் அருகே பூட்டலாம். கனமான சுமைக்குத் தாழ்வான இணைப்பே பாதுகாப்பானது. உயரத்தில் இணைத்தால், திருப்பங்களில் சுமை தள்ளும்போது மிதிவண்டி எளிதில் கவிழும்.

ஒவ்வோர் இழுவண்டிக்கும் தயாரிப்பாளர் ஒரு சுமை வரம்பைக் குறித்திருப்பார். அதை மீறக்கூடாது. மயிலிறகே ஆயினும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்று திருவள்ளுவர் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் எச்சரிக்கிறார். தாளுக்கும் அது பொருந்தும்.

சுமையை அடுக்கும் முறையிலும் கருத்துச் செலுத்த வேண்டும். கனமான பெட்டிகளை அடியிலும் இலேசானவற்றை மேலேயும் வைக்க வேண்டும். இரட்டைச் சக்கர வண்டியில் எடையின் பெரும்பகுதி அச்சின்மேலும் அதற்குச் சற்று முன்னாலும் இருத்தல் நலம். மொத்தச் சுமையில் 5 முதல் 10 விழுக்காடு வரை இணைப்பின்மீது அழுத்தினால் போதும். எடை பின்பக்கம் மிகுந்தால், இணைப்பு மேல்நோக்கி எழும். மிதிவண்டியின் பின்சக்கரம் சாலையில் பிடிப்பை இழக்கும். இழுவண்டியும் இருபுறமும் ஆடத் தொடங்கும். அடுக்கிய பெட்டிகள் நகராதவாறு பட்டையால் இறுகக் கட்ட வேண்டும். மழைக்காலத்தில் தார்ப்பாய் கொண்டு மூடுதல் தேவை. நனைந்த தாள் மேலும் கனக்கும்.

இனி, சாலைக்கு வருவோம். தாள்களையும் இழுவண்டியையும் சேர்த்து 80 கிலோகிராம் எனக் கொண்டால், டயர்களில் போதிய காற்று இருக்கும்வரை சமதரையில் அதை இழுப்பது எளிது. ஒரு கிலோகிராம் எடையைத் தூக்கத் தேவைப்படும் விசையே போதுமானது. ஆனால், 20 மீட்டர் தொலைவுக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றத்தில், மேலும் 4 கிலோகிராம் எடையைத் தூக்கும் அளவு விசை தேவைப்படும். அப்போது குறைந்த கியரில் மெதுவாக ஏறலாம். களைத்தால் நின்று இளைப்பாறலாம்.

உண்மையான சோதனை இறக்கத்தில்தான் தொடங்குகிறது. ஏறும்போது பின்னுக்கு இழுத்த அதே எடை, இறங்கும்போது ஓட்டுநரை முன்னுக்குத் தள்ளும். ஓட்டுநரும் மிதிவண்டியும் 70 கிலோகிராம் என்றால், இழுவண்டியோடு சேர்த்து 150 கிலோகிராமை மிதிவண்டியின் பிரேக் ஒன்றே நிறுத்த வேண்டும். வேகம் இருமடங்கானால், நிற்பதற்குத் தேவையான தொலைவு ஏறத்தாழ நான்கு மடங்காகும். மழையில் நனைந்த பிரேக் இன்னும் மெதுவாகவே பிடிக்கும். திருப்பத்தில் திடீரெனப் பிரேக் பிடித்தால், இழுவண்டி மிதிவண்டியைப் பக்கவாட்டில் தள்ளி வீழ்த்திவிடும். ஆகையால், இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கனமான சுமைக்கென உருவாக்கப்பட்ட சில இழுவண்டிகளில், சுமை முன்னோக்கித் தள்ளும்போது தானாகவே இயங்கும் பிரேக் உண்டு. மேடு பள்ளம் மிகுந்த பகுதிக்கு அத்தகைய வண்டியே தகுந்தது.

புதிதாக ஓட்டுவோர் முதலில் வெற்று வண்டியையும், பின்னர் பாதிச் சுமையையும் இழுத்து, திறந்த திடலில் நிறுத்திப் பழக வேண்டும். இழுவண்டியின் சக்கரம் சாலையோரக் கல்லில் மோதாதவாறு அகலமாகத் திரும்பவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஐந்து பெட்டிகளை ஒரே முறையில் கொண்டு செல்வது திறமையாகத் தோன்றலாம். ஆயினும், பாதுகாப்பாக நிறுத்த முடியாத சுமையை இருமுறையாகப் பிரித்துக் கொண்டு செல்வதே அறிவுடைமை. செங்குத்தான இறக்கத்தில் மிதிவண்டியைவிட்டு இறங்கி நடப்பதும் இழுக்கன்று. வியட்நாமின் மலைப்பாதைகளில் 200 கிலோகிராம் சுமையைக் கொண்டு சேர்த்தவர்களும் நடந்துதான் சென்றார்கள்.